விடுங்கண்ணே

மார்ச் 3, செவ்வாய்
பழைய சாமான் கிடங்கு

என் அருமை மருமகளே,

பதினேழு மாடி உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து மேகங்களுக்குத் தலைவாரி விட்ட உன் மாமா, இப்போது ஒரு முக்காலியில் தரையோடு தரையாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கிடங்கில் என்னைத் தவிர அசைவது ஒரு மின்விசிறி மட்டும்தான். அதுவும் நான் எது சொன்னாலும் இப்படியும் அப்படியும் தலையை ஆட்டி மறுக்கிறது.

உத்தரவை நீயும் படித்திருப்பாய். விசாரணை முடியும்வரை கிரேன் ஓட்டுநரும் சிக்னல்காரியும் நேரிலோ தொலைபேசியிலோ பேசிக்கொள்ளக் கூடாது. மீறினால் உன் சிக்னல் உரிம அட்டை ரத்து. அதை நான் ஏழு தடவை படித்தேன். முன்னாலிருந்து படித்தேன், பின்னாலிருந்து படித்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தேன். எழுதக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஆகவே எழுதுகிறேன். தண்ணீர் லாரிக்காரர் கொண்டுவந்து தருவார். சிகரெட்டை நிறுத்திய நாளிலிருந்து அவர் வாயில் எப்போதும் ஒரு மிட்டாய் இருப்பதால் ரகசியம் வெளியே வர வழியில்லை.

நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆறாவது மாடிக்குப் போக வேண்டிய இருபத்து நாலு கழிப்பறைப் பீங்கான்கள், மன்னாதி மன்னர்கள் உட்காரத் தகுந்த வெள்ளை வெளேரென்ற சிம்மாசனங்கள், பாதி வழியில் சாரத்தின் மேல் உட்கார்ந்து, சாய்ந்து, ஒவ்வொன்றாகக் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டன. அந்தச் சத்தத்தில் அடுத்த கண்டத்தில் ஒரு எரிமலை விழித்திருக்கும். நம் சைட்டில் கயிற்றைத் தளர்த்திச் சரக்கை இறக்குவதற்கு இருப்பது ஒரே சொல். கீழே நின்று வாக்கி-டாக்கியில் நீ "விடுங்க" என்றாய். நான் விட்டேன். அவ்வளவுதான் கதை.

நேற்று நம் சைட் பொறுப்பாளர் இங்கே எழுந்தருளினார். எதைச் சொன்னாலும் "ஆமா, ஆனா" என்று ஆரம்பிப்பாரே, அந்த ஆமா-ஆனாவேதான். கையில் டைப் அடித்த ஒரு தாள். "சிக்னல்காரி 'விடுங்க' என்று தவறான கட்டளை கொடுத்தார், நான் கீழ்ப்படிந்தேன்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கே கிரேன் என்றார். மூடியைத் திறந்து பேனாவை நீட்டவும் செய்தார். நான் அந்தப் பேனாவால் காதைக் குடைந்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

நீ கவலைப்படாதே. வாய் தவறி ஒரு சொல் வந்துவிட்டது. மன்னித்தேன். பழி முழுவதையும் நானே சுமந்துகொள்ளப் போகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த சைட் உலகத்தில் யாரும் எனக்கு ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. வாயைத் திறந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். அப்படிப்பட்டவன் உனக்காகத் தோற்றேன் என்று சரித்திரம் சொல்லட்டும்.

இப்படிக்கு,
மேகலோகச் சக்கரவர்த்தி (தற்காலிகமாகப் பதவியில் இல்லை),
உன் மாமா


மார்ச் 4, புதன்

மாமாவுக்கு,

மன்னித்ததற்கு நன்றி. நான் கேட்கவில்லை.

நான் சொன்னது "விடுங்க" இல்லை. "விடுங்கண்ணே." கொத்தனாரிடம் சொன்னது. சரக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது, ஏணி யாருடையது என்று அவரும் தச்சரும் என் பக்கத்திலேயே நின்று மல்லுக்கு நின்றார்கள். கொத்தனார் கையை ஓங்கிவிட்டார். "விடுங்கண்ணே, ஒரு ஏணிக்குப் போய்" என்றேன். அது கூண்டுக்கு வரவேண்டிய பேச்சே இல்லை.

நீங்கள் என் அம்மாவின் தம்பி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமா. என்றைக்காவது உங்களை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறேனா?

எனக்கு உங்களிடமிருந்து ஒன்று மட்டும் வேண்டும். அன்றைக்கு உங்கள் காதில் என்ன விழுந்தது? கடைசி எழுத்துவரை எழுதுங்கள். பழியெல்லாம் சுமக்க வேண்டாம். கொத்தனாரிடம் சொன்னது கூண்டுக்கு எப்படி வந்தது என்பதைத் தாளின் மறுபக்கம் எழுதியிருக்கிறேன். அதுதான் முக்கியம்.

[மறுபக்கம்]

என் வாக்கி-டாக்கியில் பேசும் பொத்தானை அமுக்கினால் அது உடனே திரும்பி எழும்புவதில்லை. நான் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருக்கிறது. இதை மூன்று காலைக் கூட்டங்களில் சொன்னேன். முதல் தடவை, "ஆமா, ஆனா சிமெண்ட் லாரி வந்துடுச்சு பாருங்க" என்றார் பொறுப்பாளர். இரண்டாவது தடவை அவர் கைப்பேசி அடித்தது. மூன்றாவது தடவை, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் எப்படிக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று அவரே இருபது நிமிஷம் பேசினார். என் முறை வந்து நான் சொல்லும்போதே கூட்டம் முடிந்துவிட்டது. கூட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். மூன்று நாளும் "வேறு பேச்சு எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறது.

நான் சொல்வதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று உங்களையும் நாலு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நான் என்ன வாய்ப்பாடு ஒப்பிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையா" என்று சிரித்தீர்கள். அன்றைக்குத் திருப்பிச் சொல்லியிருந்தால், "விடவா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "வேண்டாம்" என்றிருப்பேன்.


மார்ச் 5, வியாழன்
கிடங்கு

வீரத் திருமகளே,

உன் கடிதம் லாரியிலிருந்து இறங்கிய அதே நிமிஷம் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் வேகம் உனக்குத் தெரிந்ததுதானே. முதல் வரியைப் பார்த்ததும் உன் மனசு பூராவும் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய். அண்ணே, தம்பி என்றெல்லாம் என்னவோ சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாய், பாவம். வேண்டாம். அதற்கெல்லாம் அவசியமே இல்லாதபடி நான் ஏற்பாடு செய்துவிட்டேன்.

ஒப்புதல் வாக்குமூலம் தயார். பதினொரு பக்கம். அன்று காலை ஒரு ராட்சசப் பருந்து, இறக்கையை விரித்தால் சூரியன் மறையும் அளவுக்குப் பெரியது, என் கூண்டுக்குள் புகுந்தது. ஒரு கையால் பருந்தையும் மறு கையால் கிரேனையும் சமாளித்துக்கொண்டிருந்தபோது பருந்தின் அலகு லிவரில் பட்டுச் சரக்கு இறங்கிவிட்டது. கட்டளை எதுவும் வரவில்லை, சிக்னல்காரி குற்றமற்றவர். நடுவில் பருந்தின் கண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். படித்தால் கல்லும் கரையும்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அம்மா வருகிறாராம். முதலில் என்னைக் கூப்பிடுகிறார்கள், புதன்கிழமை உன்னை. நான் இதைக் கொடுத்த பிறகு உன் அட்டையைத் தொட எவனுக்கும் தைரியம் வராது. நீ புதன்கிழமை போய்த் தலையைக் குனிந்துகொண்டு "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னால் போதும்.

தியாகச் செம்மல்,
மாமா


மார்ச் 6, வெள்ளி

மாமா,

தாளின் மறுபக்கத்தைப் படித்தீர்களா? படிக்கவில்லை. படித்திருந்தால் பருந்து வந்திருக்காது.

நான் அழவில்லை. தலையையும் குனிய மாட்டேன்.

உடைந்த பீங்கான் கொத்தனார் நின்ற இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி விழுந்தது. இப்போதும் அந்த மனிதர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டே போகிறார். என்னை ஸ்டோர் அறையில் உட்கார வைத்துவிட்டு என் வாக்கி-டாக்கியை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதே பொத்தான். நீங்கள் பருந்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தப் பொத்தானைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. ஆமா-ஆனா கையெழுத்துக் கேட்ட தாளுக்கும் உங்கள் பதினொரு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? அவர் பழியை என் மேல் போடுகிறார், நீங்கள் பருந்தின் மேல் போடுகிறீர்கள். இரண்டிலும் நான் மூன்று தடவை சொன்னது இல்லை.

முழுசாகக் கேட்பதற்குள் முடித்துவிடுவது உங்களுக்குக் கூண்டுக்குள் மட்டும் வந்த பழக்கம் இல்லை. "மாமா, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்" என்று நான் அன்றைக்கு ஆரம்பித்தபோது, அது கல்யாணப் பேச்சு என்று நினைத்து நாலு பெட்டி இனிப்போடு வந்து தெருவெல்லாம் கொடுத்தீர்கள். சிக்னல் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதை விளக்கி முடிக்க அம்மாவுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஆகவே இதையாவது முழுசாகப் படியுங்கள். அந்தப் பதினொரு பக்கத்தைக் கொடுத்தால், புதன்கிழமை நான் எழுந்து நின்று "என் மாமா பொய் சொல்கிறார்" என்று சொல்வேன். அட்டை போனால் போகட்டும். பருந்து காப்பாற்றிக் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரையும் சரக்குக்குக் கீழே நிற்கச் சொல்ல எனக்கு வாய் வராது.


மார்ச் 7, சனி
கிடங்கு

மருமகளே,

இந்தத் தடவை உடனே எழுதவில்லை. இரண்டு கடிதத்தையும், மறுபக்கத்தையும் சேர்த்து, நாலு தடவை படித்தேன். மின்விசிறியை அணைத்துவிட்டுப் படித்தேன்.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன். சரியா என்று பார்.

ஒன்று, பொத்தான் எழும்புவதில்லை. அதை மூன்று கூட்டத்தில் சொன்னாய், மூன்றிலும் யாரும் கேட்கவில்லை. அப்புறம், திருப்பிச் சொல்லச் சொல்லி நாலு மாசமாக என்னிடம் கேட்டாய், நான் சிரித்தேன். கொத்தனாருக்கும் சாவுக்கும் நடுவே இரண்டு சாண் இருந்தது. அதே பொத்தானோடு இப்போது வேறொருவர் நிற்கிறார். உனக்கு என் தியாகம் வேண்டாம், நான் கேட்டது என்ன என்பதுதான் வேண்டும். இனிப்புப் பெட்டி நாலு இல்லை, ஆறு. இது மட்டும் உன் தவறு.

இனி, நீ கேட்டது.

"விடுங்க" என்று காதில் விழுந்தது. என் கை லிவருக்குப் போனது. கை போய்ச் சேர்ந்த பிறகுதான் "ண்ணே" வந்து சேர்ந்தது. வந்தது, மருமகளே. தெளிவாக வந்தது. விழவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இது யாருடைய அண்ணன் என்று யோசித்தபடியே நிறுத்தினேன். அதற்குள் சரக்கு சாரத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒரு சொல்லின் வால் வரும்வரை காத்திருக்கவில்லை நான்.

ஏன் திருப்பிச் சொல்ல மாட்டேன் என்றேன் தெரியுமா? சிரித்ததெல்லாம் வெளிவேஷம். போன வருஷம் பக்கத்து சைட்டில் ஒரு ஓட்டுநர் இரண்டு தடவை "என்ன சொன்னே, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டார். அடுத்த மாசம் காது போய்விட்டது என்று கீழே இறக்கிவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தாறு. உயரத்தைப் பார்த்து நான் பயந்ததே கிடையாது. தரையைப் பார்த்துத்தான் பயம். அதனால் எல்லாவற்றையும் சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டுவிடும் மேதாவியாகிவிட்டேன்.

பருந்தைக் கிழித்துப் போட்டேன். கண்களைப் பற்றிய பத்தியை மட்டும் வைத்திருக்கிறேன். அது நன்றாகவே இருக்கிறது.

மாமா


மார்ச் 9, திங்கள்
கிடங்கு

மருமகளே,

போர்க்களத்திலிருந்து நேராக வருகிறேன். உடம்பில் காயம் இல்லை. எதிரிப் படையில் ஒருவருக்கு வியர்வை.

நீள மேஜை. ஒரு முனையில் தலைமை அலுவலகத்து அம்மா, பக்கத்தில் ஆமா-ஆனா, நடுவில் டைப் அடித்த அதே தாள். அம்மா கேட்டார், அன்றைக்குக் கட்டளை வந்ததா என்று. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கேள்வி முடியும்வரை காத்திருந்தேன். முடிந்ததும் அதைத் திருப்பிச் சொன்னேன். "கட்டளை வந்துச்சான்னு கேக்கறீங்க. சரிதானேம்மா?" அவர் சரி என்றார். அதற்கு அப்புறம்தான் பதில். அடுத்த கேள்வியையும் திருப்பிச் சொன்னேன். அதற்கடுத்ததையும். ஆறாவது கேள்வியில் ஆமா-ஆனாவுக்குப் பொறுமை போய், என்ன விளையாட்டு இது என்றார். அதையும் திருப்பிச் சொன்னேன்: "விளையாடறேனான்னு கேக்கறீங்க. இல்லைங்க. கேக்கப் பழகறேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். மேலே சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். "விடுங்க" என்று விழுந்தது, "ண்ணே" என்று முடிந்தது, முடிவதற்குள் இறக்கிவிட்டேன், அது என் தவறு, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். பொத்தான் எழும்பாததையும், அதை நீ மூன்று கூட்டத்தில் சொன்னதையும் சொன்னேன். கொத்தனாரிடம் பேசிய பேச்சு கூண்டுக்கு வந்தது எப்படி என்றும், பொத்தானைப் பற்றி அந்தப் பெண் கூட்டத்தில் சொன்னது உண்மையா என்றும் அவரே கேட்டார். என்னைப் பார்த்து இல்லை. பக்கத்தில் திரும்பி.

"ஆமா, சொன்னாங்க. ஆனா அது ஒரு சின்ன விஷயம்னு..." என்று நம்மாள் ஆரம்பித்தார்.

யாருக்கும் பின்வாங்காத உன் மாமா அப்போதும் பின்வாங்கவில்லை. "பொத்தானைப் பத்திச் சொன்னாங்க, சின்ன விஷயம்னு விட்டுட்டீங்க. நான் சரியாக் கேட்டேனா?"

அறையில் ஒரு ஈ பறந்துகொண்டிருந்தது. அதுகூட எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மா அந்த வாக்கியத்தை எழுதினார். ஒரு எழுத்துகூட விடாமல் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் நான் படித்தேன்.

இப்போது உன் முறை. உனக்கு நான் ஒன்றும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாமா


மார்ச் 13, வெள்ளி

மாமா,

விசாரணை முடிந்தது என்ற உத்தரவு நேற்று வந்தது. இனி நாம் பேசலாம். ஆனாலும் இதை எழுத்தில் வைத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய் இனிப்பு வாங்கிவிடுவீர்கள்.

புதன்கிழமை அந்த அம்மா என் பழைய வாக்கி-டாக்கியை மேஜைக்கு வரவழைத்தார். அவரே பொத்தானை அமுக்கினார், விரலை எடுத்தார். பொத்தான் உள்ளேயே இருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொறுப்பாளர் பேசினார். "ஆமா, ஆனா இந்தப் பொண்ணு சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்தா கட்டடம் எப்ப எழும்பறது? கீழ இருக்கறவங்க ஆயிரம் சொல்லுவாங்க." சொல்லி முடித்த பிறகுதான் ஜன்னல் வழியாக அவர் குரலே அவருக்குக் கேட்டது. சைட்டில் இருக்கும் பதினான்கு வாக்கி-டாக்கியிலும் போய்விட்டது.

உங்களுக்குப் பதினைந்து நாள் கிரேன் கிடையாது. அதற்கு அப்புறம் காது பரிசோதனை, அதில் தேறினால் கூண்டு. எனக்கு, வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் அட்டை என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பிவிட்டார். கடிதத்தில் பொறுப்பாளர் கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டு வரி எழுதினேன்.

"சரக்கு தொங்கும்போது மற்றவரிடம் பேசியதற்கு வருந்துகிறேன். காலைக் கூட்டத்தில் சொன்னதற்கு வருந்தவில்லை, இனியும் சொல்வேன்."

இரண்டாவது வரியை எடுத்துவிட்டால் உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் அட்டையும் முடியாது என்றார். சரி என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு ஜன்னல் கண்ணாடிகள் வந்தன. கிரேனில் புது ஓட்டுநர், கீழே சிக்னலுக்கு வேறொருவர். சரக்கு எழும்பப் போகிற நேரத்தில் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். தச்சரும் வந்தார். ஏணிச் சண்டைக்கு அப்புறம் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. அப்புறம் சாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். பொறுப்பாளர் ஓடிவந்து என்ன இது என்று கேட்டார். கொத்தனார் குரலை உயர்த்தவே இல்லை.

"சரக்குக்குக் கீழ நிக்கறது நாங்க. கீழ இருக்கறவங்க ஆயிரம் சொல்லுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. இது ஒண்ணு. அந்தப் பொண்ணு சிக்னல் குடுக்கட்டும்."

பன்னிரண்டு மணிவரை கண்ணாடி தரையிலேயே இருந்தது. வெயிலில் யாராலும் அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. நான் யாரையும் நிற்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. பன்னிரண்டே காலுக்குப் பொறுப்பாளரே ஸ்டோர் அறைக்கு வந்து என் கடிதத்தை வாங்கி, தண்ணீர்ப் பீப்பாயின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பீப்பாய் ஈரம். கையெழுத்து கொஞ்சம் பரவிவிட்டது. இரண்டு வரியும் தெளிவாக இருக்கிறது.